உப்பா, கோகிரிஸ்டலா: ஒரு இரட்டை ஒத்ததிர்வு அளவீட்டுச் சேவை பற்றி

நான் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் மருந்துத் தூள்களோடு மாரடிக்கிறவன். மாத்திரைக்குள் போகிற மூலப்பொருள் எந்தப் படிக வடிவத்தில் இருக்கிறது, கிடங்கில் கிடந்தால் மாறுமா, ஈரம் பட்டால் என்ன ஆகும் என்றெல்லாம் பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. அப்படி வந்த ஒரு தூளுக்காக, ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் வெளியாருக்கும் செய்து தருகிற நான்முனை இரட்டை ஒத்ததிர்வு அளவீட்டை (ரேடியோ அலை கொடுத்து அணுக்கருக்களை விசாரிக்கும் ஒரு முறை) காசு கொடுத்து வாங்கினோம். அது எப்படி இருந்தது என்பதுதான் இங்கே விஷயம். ஆய்வகத்தின் பெயரைப் போடவில்லை. சில குறைகளையும் சொல்லப் போகிறேன். இந்தத் துறை ரொம்பச் சின்னது, ஊர்ப் பெயரைச் சொன்னாலே ஆளைக் காட்டிக்கொடுத்தது போல் ஆகிவிடும்.

எங்கள் சிக்கல் இது. மருந்து ஒரு அமிலம். அதோடு சேர்ந்து படிகமாகியிருக்கும் துணைப்பொருளில் ஒரு பிரிடின் வளையமும் ஒரு அமைடும் உண்டு, இரண்டிலும் ஆளுக்கொரு நைட்ரஜன். அமிலத்தின் ஹைட்ரஜன் வளையத்து நைட்ரஜனுக்குத் தாவிவிட்டால் அது உப்பு. தாவாமல் அமிலத்திலேயே இருந்துகொண்டு நைட்ரஜனோடு ஹைட்ரஜன் பிணைப்பு மட்டும் வைத்திருந்தால் அது கோகிரிஸ்டல். ஒரே ஒரு புரோட்டான், அதாவது ஹைட்ரஜனின் அணுக்கரு, ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைவான தூரம் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுதான் வித்தியாசம். ஆனால் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி உப்பு என்றால் புதிய மூலமருந்து. கோகிரிஸ்டல் என்றால் பழைய மருந்தின் இன்னொரு படிக வடிவம் மாதிரி. அந்த ஒரு புரோட்டானுக்குப் பின்னால் வக்கீல்கள் வரிசையில் நிற்கிறார்கள். எக்ஸ்ரேக்கு ஹைட்ரஜன் சரியாகக் கண்ணுக்குத் தெரியாது, அதிலும் தூள் மாதிரியில் கேட்கவே வேண்டாம். எங்களிடம் தனிப் படிகம் வளரவில்லை. தூளை வைத்துக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும்.

நைட்ரஜனின் அணுக்கரு முழு உருண்டை கிடையாது. அதனால் தன்னைச் சுற்றியிருக்கும் எலக்ட்ரான் மேகம் ஒரு பக்கம் கூடுதலாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் இருந்தால் அதை உணர்ந்துகொள்ளும். அந்த உணர்வுக்கு ஏற்ற அதிர்வெண்ணில் ரேடியோ அலை கொடுத்தால் உறிஞ்சும். நான்முனை ஒத்ததிர்வு என்பது இதுதான். இதற்கு வெளியிலிருந்து காந்தம் தேவையில்லை. காந்தப்புலம் இல்லாததால் தூளுக்குள் படிகத் துணுக்குகள் எந்தத் திசையில் கிடந்தாலும் எல்லாம் ஒரே அதிர்வெண்ணில்தான் பேசும். 1950இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் டெமல்ட், க்ரூகர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் திட டைகுளோரோஎத்திலீனில் குளோரினின் இந்தக் குரலைத்தான் முதன்முதலில் பிடித்தார்கள். சாதாரண நைட்ரஜனான நைட்ரஜன்-14 மூலக்கூறில் தான் இருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று கோடுகள், அதாவது உறிஞ்சும் அதிர்வெண்கள், தரும். மேல் கோட்டிலிருந்து நடுக் கோட்டைக் கழித்தால் கீழ்க் கோடு வரும். இந்தக் கணக்கு பின்னால் உதவும். உறைந்த பிரிடினில் 77 கெல்வினில் மேல் இரண்டு கோடுகள் 3.9, 3.0 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கின்றன. நைட்ரஜன் ஒரு புரோட்டானை வாங்கிக்கொண்டு பிரிடினியம் ஆகிவிட்டால் அதன் தனி எலக்ட்ரான் ஜோடி பிணைப்புக்குள் போய்விடும், மேகம் சமனாகும், கோடுகள் சடசடவென்று கீழே இறங்கிவிடும். அதாவது 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே வளையத்தின் மேல் இரண்டு கோடுகள் தெரிந்தால் கோகிரிஸ்டல், 1 மெகாஹெர்ட்ஸ் பக்கத்திலோ அதற்கும் கீழேயோ கிடந்தால் உப்பு. கேள்விக்குப் பொருத்தமான அளவுகோல் என்று நான் நினைத்தது இதனால்தான்.

ஆனால் நைட்ரஜனின் குரல் இருக்கிறதே, அதைக் கேட்பது பெரும்பாடு. 2 மெகாஹெர்ட்ஸில் அறை வெப்பநிலையில் இரண்டு நிலைகளுக்கு நடுவே எண்ணிக்கை வித்தியாசம் கோடிக்கு ஒன்று என்ற கணக்கு. அந்த ஒன்றுதான் சமிக்ஞை. போதாததற்கு அதிர்வெண் குறையக் குறைய சமிக்ஞையைப் பிடிக்கும் சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தமும் குறையும். நைட்ரஜனையே நேராகக் கேட்கும் நேரடி முறையில் சுருளை ஒரு தடவை டியூன் செய்தால் இருபது முப்பது கிலோஹெர்ட்ஸ் ஜன்னல்தான் கிடைக்கும். அதற்குள் கோடு இருக்கிறதா இல்லையா என்று தெரிய மணிக்கணக்கில் சராசரி எடுக்க வேண்டும். எங்கே இருக்கிறது என்றே தெரியாத கோட்டை அரை மெகாஹெர்ட்ஸிலிருந்து 4 மெகாஹெர்ட்ஸ் வரை இப்படித் தேடினால் ஆயுசு போய்விடும். நான் படித்த துறையில் எனக்குப் பிறகு சேர்ந்த தம்பி ஒருவன் நேரடி கருவியில் வேலை செய்கிறான். போனில் கேட்டேன். "அண்ணே, எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, ஒரே ராத்திரியில எடுத்துத் தர்றேன். எங்க இருக்குன்னு தேடச் சொன்னா என்னை விட்டுடுங்க" என்றான். நியாயமான பேச்சு.

இரட்டை ஒத்ததிர்வு இங்கேதான் வருகிறது. நைட்ரஜன் வாய் திறக்காவிட்டால் பக்கத்து வீட்டுப் புரோட்டானிடம் விசாரிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூளை முதலில் பெரிய காந்தத்துக்குள் வைத்து புரோட்டான்களை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறார்கள். 1 டெஸ்லாவில் புரோட்டானின் அதிர்வெண் 42.6 மெகாஹெர்ட்ஸ், ஒழுங்கு கோடிக்கு முப்பதுக்கு மேல். பிறகு மாதிரியைச் சட்டென்று காந்தத்திலிருந்து வெளியே எடுத்து ஏறக்குறைய பூஜ்யப் புலத்துக்குக் கொண்டுபோகிறார்கள். புரோட்டான்கள் அந்த ஒழுங்கை உடனே விட்டுவிடாது. கொஞ்ச நேரம் 'குளிர்ந்தே' இருக்கும். அந்த இடைவெளியில் ஏதோ ஒரு அதிர்வெண்ணில் ரேடியோ அலை அடிக்கிறார்கள். அது நைட்ரஜனின் அதிர்வெண் இல்லையென்றால் ஒன்றும் நடக்காது. நைட்ரஜனின் அதிர்வெண்ணாக இருந்தால் நைட்ரஜன் சூடாகி, அந்தச் சூட்டைப் புரோட்டானுக்குக் கடத்திவிடும். மாதிரியைத் திரும்பக் காந்தத்துக்குள் தள்ளி, ஒரே ஒரு துடிப்பில் புரோட்டான் சமிக்ஞையை அளந்தால் அது குறைந்திருக்கும். அடுத்த அதிர்வெண், அடுத்த சுற்று. கடைசியில் கிடைக்கும் வரைபடத்தில் நேர்கோட்டில் அங்கங்கே பள்ளம் விழுந்திருக்கும். பள்ளம் விழுந்த இடம்தான் நைட்ரஜன்.

நைட்ரஜன்-14இல் ஒரு சங்கடமும் உண்டு. பூஜ்யப் புலத்தில் அதன் காந்தத் திருப்புத்திறன் சராசரியில் அணைந்துவிடுவதால் புரோட்டானோடு பேச்சுவார்த்தையே நின்றுபோகும். அதனால் புலம் இறங்கி வரும் வழியில் இரண்டையும் கைகோக்க வைக்கிறார்கள். 50 மில்லிடெஸ்லாவைக் கடக்கும்போது புரோட்டானின் அதிர்வெண் 2.13 மெகாஹெர்ட்ஸ். அங்கே நைட்ரஜனின் கோடு ஒன்று இருந்தால் அந்த நேரத்தில் இரண்டும் ஆற்றலைப் பரிமாறிக்கொள்ளும். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. இதற்கு மட்டக் கடப்பு என்று பெயர். ஆக்ஸ்ஃபோர்டில் எட்மண்ட்ஸ் குழு எழுபதுகளில் இந்த வழியில்தான் நைட்ரஜன் சேர்மங்களை வரிசையாக அளந்து தள்ளியது.

இந்த வித்தையின் பரம்பரை எனக்குப் பிடித்த கதை, அதனால் கொஞ்சம் வளவளப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1951இல் ராம்சேவும் பவுண்டும் லித்தியம் ஃப்ளோரைடு படிகத்தைக் காந்தத்திலிருந்து வெளியே எடுத்து, ஒலி அதிர்வெண்ணில் அலை கொடுத்து, திரும்ப உள்ளே வைத்து எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று பார்த்தார்கள். அந்தப் படிகத்தில் ஒழுங்கு சீக்கிரம் கலையாது, கையாலேயே எடுத்துப் போகலாம். இரண்டு வகை அணுக்கருக்களைப் பேச வைக்கும் வழியை 1962இல் பெர்க்லியில் ஹார்ட்மனும் ஹானும் காட்டினார்கள். 1968இல் ஸ்லஷரும் ஹானும் சேர்ந்து அதை நான்முனை சமிக்ஞைகளுக்குத் திருப்பினார்கள். எண்ணிக்கையில் மிகச் சொற்பமான கருக்களைக்கூட பெரும்பான்மைக் கருக்களின் வழியே கண்டுபிடிக்க முடியும் என்று காட்டியது அந்த வேலைதான். இயற்கையில் 0.04 சதவீதம்கூட இல்லாத ஆக்ஸிஜன்-17ஐப் பிற்பாடு செறிவூட்டாமலே அளக்க முடிந்தது இந்த வழியில்தான். ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் யோசெஃப் ஸ்டெஃபான் நிறுவனத்தில் பிளின்ட்ஸ், செலிகர் ஆகியோர் இதைப் பல பத்தாண்டுகள் விடாமல் வளர்த்தார்கள். 1989 இயற்பியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட மூவரில் டெமல்ட்டும் ராம்சேவும் இருந்தார்கள்; நேரடி முறையின் தகப்பனும் இந்தச் சுற்றி வளைக்கும் முறையின் தாத்தாவும் ஒரே மேடையில். பரிசு என்னவோ இரண்டு பேருக்கும் முற்றிலும் வேறு வேலைகளுக்கு. இந்தியாவில் காந்த ஒத்ததிர்வுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் ஐ.ஐ.டி கான்பூரில் இருந்த பள்ளிக்கரணை திருமலை நரசிம்மன். வேளச்சேரிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஊர்ப் பெயரைப் பார்த்தால் எனக்கு இப்போதும் அவர் நினைவுதான் வரும்.

சரி, சேவைக்கு வருவோம்.

மாதிரியை அனுப்புவது சுலபம். ஒரு கிராமுக்குக் குறைவாகத் தூள் போதும். கரைக்க வேண்டாம், படிகம் வளர்க்க வேண்டாம், அளந்து முடித்ததும் அப்படியே திருப்பித் தந்துவிடுவார்கள். கண்ணாடிக் குழாயில் இறுக்கமாக அடைத்து மூடித் தரச் சொல்கிறார்கள், அதற்குக் காரணம் கருவியை நேரில் பார்த்தபோது புரிந்தது. அழுத்திய காற்றில் மாதிரி மேலும் கீழும் பறக்கிறது. ஒவ்வொரு தடவையும் நிறுத்தியில் போய் 'டொக்' என்று மோதுகிறது. அந்த அறையில் உட்கார்ந்து பேச முடியாது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை செய்யும் முனைவர் பட்ட மாணவியைப் பார்த்துப் பாவமாக இருந்தது. கருவி பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. பழைய மின்காந்தம், அதற்கு மேலே செம்புக் கம்பி சுற்றிய கூடு, ரப்பர் குழாய்கள், கையால் எழுதி ஒட்டிய லேபிள்கள். நான் வேலை செய்யும் இடத்தில் இப்படி ஒரு பெட்டியை வாங்கச் சொன்னால் கொள்முதல் பிரிவு சிரிக்கும். ஆனால் வேலை செய்தது.

இத்தனை தடவை மோதினால் தூளே மாறிவிடாதா என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. சில படிக வடிவங்கள் அரைத்தாலே வேறாகிவிடும். அதனால் போவதற்கு முன்னும் வந்த பின்னும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். இந்தத் தூள் மாறவில்லை. உங்கள் பொருள் இளகிய மனசுக்காரன் என்றால் காந்தத்தின் மின்னோட்டத்தையே வேகமாக மாற்றும் வகைக் கருவியை வைத்திருப்பவர்களிடம் போங்கள். அங்கே மாதிரி அசையாது, காந்தம்தான் இறங்கி ஏறும்.

நான் யாரிடம் சொன்னாலும் முதலில் சொல்வது புரோட்டானின் தளர்வு நேரம் பற்றித்தான். காந்தத்துக்குள் ஒழுங்குக்கு வர எடுக்கும் நேரம், வெளியே போனபின் ஒழுங்கைத் தொலைக்க எடுக்கும் நேரம், இரண்டையும் அது தீர்மானிக்கிறது. எங்கள் முதல் தூளில் மெத்தில் தொகுதி (ஒரு கார்பனில் மூன்று ஹைட்ரஜன்) எதுவும் இல்லை. தளர்வு நேரம் இருபது விநாடியை ஒட்டி. அப்படியென்றால் ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். 10 கிலோஹெர்ட்ஸ் படியில் 4 மெகாஹெர்ட்ஸைக் கடக்க நானூறு புள்ளிகள், ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனாலும் இது தாங்கக்கூடியது. இதே நேரம் பத்து நிமிடமாக இருந்தால் ஒரே வரைபடத்துக்கு நாள்கணக்கில் போயிருக்கும்.

இரண்டாவதாக அனுப்பிய பொருள் நேர் எதிர். மூலக்கூறு முழுக்க மெத்தில் தொகுதிகள். அவை சும்மா இருக்காது, சுழன்றுகொண்டே இருக்கும், சுழற்சியில் புரோட்டானின் ஒழுங்கைக் கலைத்துவிடும். தாழ்ந்த புலத்தில் தளர்வு நேரம் பத்தில் ஒரு பங்கு விநாடிகூட இல்லை. மாதிரி ஒரு பக்கம் போய்ச் சேரவே அவ்வளவு நேரம் ஆகிறது. போய்ச் சேர்ந்தபோது கையில் ஒன்றும் மிச்சமில்லை. வரைபடம் முழுக்க இரைச்சல். இதில் எனக்குக் கோபம் என்னவென்றால், ஆய்வகத்தின் விண்ணப்பப் படிவத்தில் உருகுநிலை கேட்கிறார்கள், நச்சுத்தன்மை கேட்கிறார்கள், நிறம்கூடக் கேட்கிறார்கள். புரோட்டானின் தளர்வு நேரத்தைக் கேட்கவில்லை. அளவீடு தொடங்குவதற்கு முன் அவர்களே ஐந்து நிமிடத்தில் பார்த்திருக்கலாம், அதே கருவியில். பார்க்காமல் ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு கருவி நேரத்துக்குப் பில் அனுப்பினார்கள். கேட்டதற்குக் கட்டணத்தில் பாதியைக் கழித்துக்கொண்டார்கள். முழுவதையும் கழித்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அடுத்து முடிவுகள். முதல் தூளில் ஆறு கோடுகள் எதிர்பார்த்தோம், இரண்டு நைட்ரஜன் இடங்கள் என்பதால். முதல் வரைபடத்தில் ஐந்து பள்ளங்கள் வந்தன: 2.80, 2.29, 2.18, 1.72, அப்புறம் 0.49 மெகாஹெர்ட்ஸில் அகலமாக ஒன்று. அறிக்கையில் அந்தக் கடைசியை ஒரே கோடாகக் குறித்து முடித்துவிட்டார்கள். கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே இடிக்கும். 2.80இலிருந்து 2.29 போனால் 0.51. 2.18இலிருந்து 1.72 போனால் 0.46. இரண்டு கோடுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று கணக்கே சொல்கிறது. அந்தப் பகுதியை மட்டும் 2 கிலோஹெர்ட்ஸ் படியில், குறைந்த ரேடியோ அலைத் திறனில் திரும்ப எடுக்கச் சொன்னேன், 0.51, 0.47 என்று பிரிந்து வந்தது. திறனைக் கூட்டினால் பள்ளம் ஆழமாகும், கூடவே அகலமும் ஆகும். முதல் தேடலுக்கு அது சரி, முடிவு சொல்ல அது சரியில்லை. இதை அவர்கள் தாங்களாகவே செய்திருக்க வேண்டாமா? கேட்ட பிறகு முகம் சுளிக்காமல் செய்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எது எதோடு ஜோடி என்பதில் அவர்கள் காட்டிய அக்கறை உயர்தரம். கழித்தல் கணக்கு பொருந்துவது தற்செயலாகவும் இருக்கலாம் என்று, இரண்டு அதிர்வெண்களை ஒரே நேரத்தில் அடித்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே நைட்ரஜனைச் சேர்ந்தவை என்றால் பள்ளம் வெறும் கூட்டுத்தொகையைவிட ஆழமாக விழும். வெவ்வேறு நைட்ரஜன் என்றால் அப்படி விழாது. 2.80உம் 2.29உம் ஒரே ஆள் என்று உறுதியானது. 1.40 மெகாஹெர்ட்ஸில் ஒரு சின்னப் பள்ளமும் இருந்தது. எனக்கு அதைப் பார்த்ததும் இன்னொரு படிக வடிவம் கலந்திருக்கிறதோ என்று வயிற்றைக் கலக்கியது. அந்த மாணவி ஒரு நொடியில் சொல்லிவிட்டார்: பெருக்கியிலிருந்து இரண்டாம் மடங்கு அதிர்வெண் கசிகிறது, 1.40 அடிக்கும்போது கூடவே 2.80உம் போகிறது. வடிகட்டி போட்டதும் பள்ளம் காணாமல் போனது. இந்த முறையில் பொய்க் கோடுகள் வரும் வழி இப்படி இரண்டு மூன்று உண்டு. அறிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டு போகிற வாடிக்கையாளர் இதைக் கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

2.80, 2.29 என்பது வளையத்து நைட்ரஜன். மற்ற ஜோடி அமைடு. தனிப் பிரிடினைவிடக் கீழே வந்திருக்கிறது, ஆனால் பிரிடினியம் அளவுக்கு இறங்கவில்லை. அதாவது அமிலத்தின் ஹைட்ரஜன் நைட்ரஜனை நோக்கி நன்றாகச் சாய்ந்திருக்கிறது, தாவவில்லை. கோகிரிஸ்டல். வக்கீல்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. எனக்கு அந்தச் 'சாய்வு' எவ்வளவு என்பது அதைவிடச் சுவையாக இருந்தது. இதே துணைப்பொருளை வேறு அமிலங்களோடு சேர்த்துப் பார்த்தால் கோடுகள் எப்படி நகரும் என்று ஒரு பட்டியலே போடலாம்.

இதைத் திட நிலை என்.எம்.ஆரில் (வலுவான காந்தத்துக்குள் வைத்தே அணுக்கருவைக் கேட்கும் முறை) நைட்ரஜன்-15 வைத்துப் பார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். பார்க்கலாம். உங்களிடம் நல்ல திட நிலை கருவி இருந்தால் முதலில் அங்கேதான் போக வேண்டும். புரோட்டான் தாவிவிட்டதா என்பதற்கு அங்கே வேதிப் பெயர்ச்சி, அதாவது கோடு விழும் இடம், பெரிதாக நகரும், பதில் தெளிவாகவே வரும். நைட்ரஜன்-15 இயற்கையில் 0.4 சதவீதத்துக்கும் குறைவு என்றாலும் புரோட்டானிடமிருந்து கடன் வாங்கி எடுத்துவிடுகிறார்கள். நாங்களும் எடுத்தோம். எங்கள் தூளில் கோடு உப்புக்கும் கோகிரிஸ்டலுக்கும் நடுவில் ஒரு இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு நிபுணர் உப்பு என்றார், ஒருவர் இல்லை என்றார். அந்தத் தகராறைத் தீர்க்கத்தான் இந்தச் சேவைக்கே போனோம். ஏற்கெனவே பதில் கிடைத்துவிட்ட கேள்விக்கு இதில் காசைக் கொட்ட வேண்டாம்.

துல்லியம் வேண்டுமென்றாலும் இது இடமில்லை. இங்கே கோடுகளின் அகலம் பத்துக் கிலோஹெர்ட்ஸ் கணக்கில்; நேரடி முறையில் ஒரு கிலோஹெர்ட்ஸுக்கும் கீழே போகலாம். மாத்திரையில் எந்த வடிவம் எத்தனை சதவீதம் என்ற கேள்விக்கும் இது ஒத்துவராது. பள்ளத்தின் ஆழம் தளர்வு நேரத்தையும், ஒரு நைட்ரஜனுக்கு எத்தனை புரோட்டான் என்பதையும் பொறுத்தது. அளவோடு நேர் விகிதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஹைட்ரஜன் அதிகமாகவும் நைட்ரஜன் ஒன்றே ஒன்றாகவும் உள்ள மூலக்கூறில் பள்ளம் மேலோட்டமாகத்தான் விழும். ஹைட்ரஜனே இல்லாத பொருளை அனுப்பவே வேண்டாம். சோடியம் நைட்ரைட்டை இதில் சோதித்துத் தர முடியுமா என்று ஒரு சக ஊழியர் கேட்டார். விசாரிக்க அங்கே புரோட்டான் கிடையாது. அது நேரடி முறைக்குத்தான் சரி, அங்கே 4.64 மெகாஹெர்ட்ஸில் அழகாகக் கேட்கும்.

இங்கே கிடைத்த ஆறு எண்களையும் தம்பிக்கு அனுப்பினேன். அவன் சொன்னது போலவே மேல் இரண்டு கோடுகளை நேரடிக் கருவியில் உடனே பிடித்துவிட்டான், இன்னும் கூர்மையாக. ஆனால் இரண்டு இடத்து எண்களும் இரண்டு மூன்று கிலோஹெர்ட்ஸ் ஒத்துவரவில்லை. காரணம் தேடியபோது, இரட்டை ஒத்ததிர்வு அறிக்கையில் வெப்பநிலை 'அறை வெப்பநிலை' என்று மட்டும் போட்டிருக்கிறது. இந்தக் கோடுகள் வெப்பநிலையோடு நகரக்கூடியவை. பொட்டாசியம் குளோரேட்டில் குளோரின் கோடு டிகிரிக்கு ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸ் நகர்வதால் அதையே தெர்மாமீட்டராகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நைட்ரஜன் அவ்வளவு ஆடாது, ஆனாலும் ராத்திரி முழுக்க ஓடும் அளவீட்டில், அழுத்திய காற்று பட்டுக்கொண்டே இருக்கும் குழாயில், எத்தனை டிகிரி என்று எழுத வேண்டாமா? ஒரு சின்ன உணரி வைத்தால் தீர்ந்தது. இன்னொன்று, முதலில் வரைபடத்தைப் படமாகத்தான் தந்தார்கள். எண்களைக் கேட்டு வாங்க இரண்டு மின்னஞ்சல் எழுத வேண்டியிருந்தது. ஒப்பந்தத்திலேயே மூலத் தரவு வேண்டும் என்று எழுதிவிடுங்கள்.

கட்டணம் மாதிரிக்கு இவ்வளவு என்று கிடையாது, கருவி நேரத்துக்குத்தான். கம்பெனிகளுக்குக் கல்வி நிறுவனங்களைவிடப் பல மடங்கு. அது நியாயம்தான், அந்தக் காசில்தான் அந்தக் காந்தம் உயிரோடு இருக்கிறது. மாதிரி போய்ச் சேர்வதுதான் தலைவலி: வெள்ளைத் தூள், கண்ணாடிக் குழாய், பெயர் ரகசியம் என்ற மூன்றும் சேர்ந்தால் எந்தக் கூரியர்காரருக்கும் சந்தேகம் வரும். ஒரு தடவை எல்லையில் சுங்கத்தில் மாட்டிக்கொண்டு கிடந்தது. நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதே மேல். போனால் அந்த டொக் டொக் சத்தத்தையும் கேட்டு வரலாம்.

அடுத்ததாக ஒரு ஹைட்ரோகுளோரைடு மருந்தை அனுப்பலாம் என்றிருக்கிறேன். கார்பனோடு பிணைந்த குளோரின் முப்பது மெகாஹெர்ட்ஸ் பக்கம் உரத்துப் பேசும், அதற்கு நேரடி முறையே போதும். ஆனால் ஹைட்ரோகுளோரைடில் இருக்கும் குளோரைடு அயனி பெரும்பாலும் சில மெகாஹெர்ட்ஸிலேயே முனகிக்கொண்டிருக்கும். சுற்றிலும் புரோட்டான்கள் நிறைய. இந்தக் கருவிக்கு அளவெடுத்துத் தைத்த வேலை. விசாரித்து எழுதினேன். புதிய படிவத்தை அனுப்பியிருக்கிறார்கள், தளர்வு நேரத்துக்கு ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்கள். வெப்பநிலைக்கு இன்னும் இல்லை. பதில் கடிதத்தில் அதையும் கேட்டு எழுதியிருக்கிறேன்.